விறைத்த விரல்கள்: அன்றும் இன்றும்

1988 ஜூன் 5ஆம் நாள், இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவின் வீரர்கள் காவியா கணவாயைக் கடந்தார்கள். கணவாயின் உயரம் 2,600 மீட்டருக்குச் சற்று மேல். அன்றைய தூரம் 120 கிலோமீட்டர். அடிவாரத்தில் மழை, ஏற ஏற ஈரப்பனி, உச்சியில் கொட்டும் பனி. மலைச்சாலையின் பெரும்பகுதி தார் காணாத மண். பந்தயம் நிற்கவில்லை. 2024 மே 21ஆம் நாள், அதே பந்தயம், அதே மலைத்தொடர். காவியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத லிவிஞ்ஞோ என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, 2,500 மீட்டர் உயரமுள்ள உம்ப்ரைல் கணவாயைக் கடக்க வேண்டிய நாள். அன்றும் பனி பெய்தது. வீரர்கள் அந்தக் கணவாயை ஏறவில்லை. வாகனங்களில் மலைக்கு அப்பால் கொண்டுசெல்லப்பட்டு, லாசா என்ற பள்ளத்தாக்கு ஊரிலிருந்து புறப்பட்டார்கள். 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிட்டிருந்த தூரம் 120க்கும் கீழே சுருங்கியது.

இரண்டு நாட்களுக்கும் இடையே 36 ஆண்டுகள். குளிர்மழையில் சைக்கிள் ஓட்டுபவரின் கையை எப்படிக் காப்பது என்ற கேள்வி அந்த ஆண்டுகளைவிட மிகப் பழையது. அதற்கான விடை ஒரே இடத்தில் தங்கியதில்லை. முதலில் அது மேலங்கியில் இருந்தது. பிறகு கையுறைக்குப் போனது. அதற்குப் பிறகு வண்டியின் பிரேக்குக்கும் கியருக்கும் நகர்ந்தது. கடைசியாக விதிப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இந்த நகர்வைத் தொடர்ந்து பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. கை சூடாக இருப்பது அதன்மேல் எதைப் போர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது மட்டுமில்லை. அதனிடம் எவ்வளவு வேலை கேட்கிறோம் என்பதையும், அந்தக் கேள்வியை யார் கேட்கிறார் என்பதையும் பொறுத்தது.

விரலுக்குத் தன் சொந்த அடுப்பு கிடையாது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. விரலில் இருப்பவை எலும்பு, நாண், தோல், நரம்பு, ரத்தக்குழாய். ரத்தம் கொண்டுவந்து கொடுக்கும் வெப்பத்தில்தான் விரல் வாழ்கிறது. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால், உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக உடல் முதலில் கைகால்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் நுண்ணிய வேலைகள் தடுமாறும். 8 டிகிரியை நெருங்கினால் தொடுவுணர்வே மங்கும். இதற்கு உறைபனிகூடத் தேவையில்லை. காற்று 5 டிகிரியில் இருக்கும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மலையிறங்கினால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போல் உறைக்கும். அதுவும் உலர்ந்த தோலுக்கு. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவது. நனைந்த கையின் கணக்கே வேறு. மைனஸ் 10இல் உலர்ந்த பனிமேல் ஓட்டுவதைவிட, 3 டிகிரி மழையில் ஓட்டுவது கொடியது என்று வட ஐரோப்பாவில் குளிர்காலம் முழுவதும் ஓட்டுபவர்கள் சொல்வது இதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் தொழிலாளர்கள் இந்தக் கணக்கை மேலங்கியால் தீர்த்தார்கள். ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தபால் அலுவலகத்துக்கும் சைக்கிளில் போனவர்கள், எண்ணெய் ஏற்றிய பருத்தித் துணியில் தைத்த கைகளில்லாத அகன்ற கேப் ஒன்றை அணிந்தார்கள். அதன் முன்பகுதி ஹேண்டில்பாரைத் தாண்டி விரிந்து கிடக்கும். உள்பக்கத்தில் கட்டைவிரலை நுழைக்க இரண்டு வளையங்கள் இருக்கும். வளையத்தில் விரலை மாட்டிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தால், கேப் கைகளுக்கு மேல் கூரையாக நிற்கும். மழை அந்தக் கூரைமேல் விழுந்து முன்னால் வழிந்துவிடும். கீழே கைகள் சாதாரணக் கம்பளிக் கையுறைக்குள் இருந்தன. கீழ்ப்பக்கம் திறந்திருந்ததால் வியர்வை அடைபடவில்லை. அன்றைக்கு மழைக்கென்று தனிக் கையுறை யாருக்கும் அவசியப்படவில்லை, ஏனென்றால் மழை கைவரை வரவேயில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. எதிர்க்காற்றில் கேப் பெரும் பாரம். பக்கக்காற்றில் வண்டியையே இழுத்துச் சாய்க்கும். எண்ணெய்த்துணி கனமாகவும் பிசுக்கென்றும் இருக்கும். குளிரில் விறைக்கும், வெயிலில் ஒட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக ஓட்டும் வண்டிக்குத்தான் அது பொருந்தும். சைக்கிள் இலகுவாகி, ஹேண்டில்பார் தாழ்ந்து, ஓட்டுபவர் குனிந்து வேகமெடுத்தபோது கேப் அவருக்குப் பொருந்தாமல் போனது. அதன் இடத்தில் கை வைத்த மழைச்சட்டை வந்தது. உடம்புக்கு ஒட்டியது, காற்றில் அலையவில்லை, வேகத்தைத் தடுக்கவில்லை. ஆனால் கூரைக்கு அடியில் இருந்த கைகள் அன்றுதான் முதல்முறையாக வெளியே வந்தன. மழைக் கையுறை என்ற சிக்கல் அப்போது பிறந்தது. அது இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

சீனாவில் கேப் கைவிடப்படவில்லை. 1980களின் பெய்ஜிங்கில் மழை பெய்யும் காலைகளில் முன்கூடையையும் சேர்த்து மூடும் வண்ணவண்ண மழைக் கேப்புகள் சாலையை நிறைத்தன. சீனத்துச் சைக்கிள்கள் பெரும்பாலும் மின்சார இருசக்கர வண்டிகளாக மாறிவிட்ட இன்றும் கேப்பின் வடிவம் மாறவில்லை. குளிர்காலத்துக்கு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை போன்ற காற்றுத்தடுப்பு ஒன்று வண்டியின் முன்பக்கத்தில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். ஹேண்டில்பாரின் இருமுனைகளிலும் கையை நுழைக்கப் பைகள் இருக்கும். வடசீனத்தின் குளிரில் கையுறை இல்லாமலே பலர் வேலைக்குப் போய்வருகிறார்கள். காப்பு கையின்மேல் இல்லை, வண்டியின்மேல் இருக்கிறது.

கையிடம் கேட்கும் வேலையைக் குறைத்த இன்னொரு பழைய கருவி பின்மிதி பிரேக். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பிடிக்கும் இந்த பிரேக் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவியது. ஜெர்மனியின் ஃபிக்டல் உண்ட் சாக்ஸ் நிறுவனம் ‘டார்பிடோ’ என்ற பெயரில் செய்த அச்சு அந்நாட்டிலும் அண்டை நாடுகளிலும் தலைமுறை தலைமுறையாக ஓடியது. இந்த பிரேக் உள்ள வண்டியில் கைக்கு ஒரே வேலைதான்: ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்வது. அதற்கு விரல்கள் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டைவிரல் தனியாகவும் மற்ற நான்கும் ஒரே அறையிலுமாக இருக்கும் மிட்டன் போதும். நான்கு விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அவற்றின் வெப்பம் பகிரப்படுகிறது; குளிருக்குக் காட்டும் மேற்பரப்பும் குறைகிறது. அதே தடிமனில் பின்னிய ஐவிரல் கையுறையைவிட மிட்டன் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம். கையால் பிடிக்கும் பிரேக் வந்த இடத்தில் விரல்கள் பிரிய வேண்டியிருந்தது. பிரிந்த விரல்கள் தனித்தனியே குளிர்ந்தன.

ஃபின்லாந்தின் ஔலு நகரத்தில் இந்தப் பழைய அறிவு இன்றும் தடையின்றி நடமாடுகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 170 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் அந்த நகரில், பனிக்காலத்திலும் சைக்கிள் பாதைகளை வாரிச் சீர்செய்து திறந்துவைக்கிறார்கள். பிள்ளைகள் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரியிலும் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்துக்கான முதல் உலக மாநாடு 2013இல் அங்குதான் கூடியது. அந்தப் பிள்ளைகளின் கைகளில் பெரும்பாலும் இருப்பது விலையுயர்ந்த பந்தயக் கையுறை இல்லை. பனியில் விளையாடவும் போட்டுக்கொள்ளும் தடித்த மிட்டன். பாதை சமதளம், வேகம் குறைவு, பின்மிதி பிரேக் உள்ள வண்டிகள் ஏராளம். கையிடம் குறைவாகவே கேட்கப்படுகிறது. அதனால் கை குறைவாகவே துன்பப்படுகிறது.

பந்தய உலகம் இதற்கு நேரெதிர்த் திசையில் நடந்தது. அங்கே கையிடம் எல்லாமே கேட்கப்பட்டது. 1927 நவம்பரில் வட இத்தாலியின் குரோச்சே த’ஆவுனே கணவாயில், பனியில் ஓடிய பந்தயமொன்றில் துல்லியோ கம்பஞ்ஞோலோ பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அன்றைய வண்டிகளில் கியரை மாற்றுவதென்றால் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போடுவது. சக்கரத்தைப் பிடித்திருந்த இறக்கை நட்டுகளை விறைத்த விரல்களால் திருக முடியவில்லை. அவர் பந்தயத்தை இழந்தார். அந்த நாளே ஒரே நெம்புகோலில் சக்கரத்தைக் கழற்றும் அச்சுக்கு வித்திட்டது என்பது வழிவழியாக வரும் கதை. கதையின் விவரங்களை வரலாற்றாளர்கள் சிலர் ஐயுறுகிறார்கள். ஆனாலும் அந்தக் கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் நிற்கிறது. அவர் பெயரால் பரவிய நெம்புகோல் அச்சு உலகெங்கும் சைக்கிள்களில் சுழன்றது. விறைத்த கையால் செய்ய முடியாத வேலையைக் கையிடமிருந்து எடுத்துவிடுவது என்ற எண்ணம் அந்தக் கருவியில் இருந்தது.

அந்த எண்ணம் பந்தய வண்டியின் மற்றப் பாகங்களுக்குப் பரவ அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அதுவரை கை பழையபடியே துன்பப்பட்டது. 1956 ஜூன் 8ஆம் நாள், மோன்டே பொன்டோனே மலைமேல் முடிந்த ஜிரோ பந்தயத்தில், லக்சம்பர்க்கின் ஷார்லி கோல் பனிப்புயலுக்குள் ஏறி வென்றார். புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வழியிலேயே விலகினர். 1980 ஏப்ரல் 20ஆம் நாள், பெல்ஜியத்தின் லீஜ்–பாஸ்டோன்–லீஜ் பந்தயத்தில் பனி பெய்தது. 174 பேர் புறப்பட்டார்கள். 21 பேர் முடித்தார்கள். பிரான்சின் பெர்னார் ஈனோ 9 நிமிடத்துக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். அந்த நாளின் குளிர் அவருடைய இரண்டு விரல்களில் நிரந்தரமான பாதிப்பை விட்டுச்சென்றது. சைக்கிள் உலகம் அந்த வெற்றியை வீரகாவியமாகச் சொல்கிறது. விரல்களின் கதை அதற்குப் பின்னிணைப்பாகவே இருந்து வருகிறது.

அந்த வீரர்களின் கையில் என்ன இருந்தது? கம்பளிக் கையுறை, சிலரிடம் தோல் கையுறை, சிலரிடம் ஒன்றுமில்லை. கம்பளியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தன் எடையில் மூன்றிலொரு பங்கு அளவுக்கு ஈரத்தை நூலுக்குள் வாங்கிக்கொண்டும் கையில் ஈரம் தெரியாமல் வைத்திருக்கும் நார் அது. அதற்கு மேல் நனைந்தாலும் பிழிந்துவிட்டுப் போட்டுக்கொண்டால் ஓரளவு சூடு தரும். ஆனால் காற்றைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. மலையிறக்கத்தின் காற்று கம்பளியின் ஒவ்வொரு துளை வழியாகவும் நுழையும்.

வண்டியும் கைக்கு உதவவில்லை. கியர் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். சங்கிலி எந்தப் பல்சக்கரத்தில் விழுகிறது என்பதை விரல் நுனியால் உணர வேண்டும். உணர்விழந்த விரலுக்கு அது எட்டாத வேலை. பிரேக் சக்கர விளிம்பைப் பிடித்தது. மழையில் ரப்பர் கட்டைகள் முதலில் விளிம்பின் தண்ணீரைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிடிப்பு வரும். அந்தச் சில விநாடிகளுக்கும் கை முழுவலுவோடு நெம்புகோலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். விரல் வலுவிழக்கும் அதே நேரத்தில் வண்டி அதிக வலுவைக் கேட்டது.

இந்தப் பின்னணியில் காவியாவின் 1988ஐப் பார்த்தால், அது இரண்டு காலங்கள் சந்தித்த நாளாகத் தெரிகிறது. அமெரிக்க அணியான செவன்-இலெவன், வரப்போகும் பனியை உணர்ந்து, புறப்படுமுன் கடைகளுக்குப் போய்ப் பனிச்சறுக்குக்கான தடித்த உடைகளையும் கையுறைகளையும் வாங்கியது. மலையின் மேற்பகுதியில் உடைகளோடும் சூடான தேநீரோடும் ஆட்கள் நின்றார்கள். அந்த அணியின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் உடம்பில் லானோலின் பூசிக்கொண்டார். செம்மறி ஆட்டுக் கம்பளியின் கொழுப்பு அது, மிகப் பழைய காப்பு. கையில் நியோபிரீன் கையுறை அணிந்தார். கடலில் மூழ்குபவர்களின் உடைக்கான பொருள் அது, அன்றைய பந்தயச் சாலைக்குப் புதியது. அவருக்கு முன்னால் உச்சியை முதலாவதாகக் கடந்த நெதர்லாந்து வீரர் யோஹான் ஃபான் டெர் ஃபெல்டே அரைக்கைச் சட்டையோடு, கையுறையின்றி ஏறியிருந்தார். இறக்கத்தில் அவரால் தொடர முடியவில்லை. ஒரு வாகனத்துக்குள் ஒதுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகே இறங்கினார். முடிவுக்கோட்டை அடைந்தபோது சுமார் 47 நிமிடங்கள் பின்தங்கியிருந்தார். ஹாம்ப்ஸ்டன் 7 விநாடி இடைவெளியில் இரண்டாவதாக வந்து, ஒட்டுமொத்த முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையை வாங்கினார். அந்த ஜிரோவை முழுதாகவும் வென்றார். அதை வென்ற முதல் அமெரிக்கர் அவர்.

நியோபிரீன் அங்கே வென்றதற்குக் காரணம் நனைவைத் தடுத்தது மட்டுமில்லை. 1930இல் டூபான்ட் ஆய்வகத்தில் உருவான இந்தச் செயற்கை ரப்பரை, 1952ஐ ஒட்டி கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் மூழ்குபவர்களின் உடைக்கு ஏற்றதாகக் கண்டார். உடல் உலர்ந்திருக்க வேண்டியதில்லை. நுரைப்பொருளுக்குள் சிறைப்பட்ட வாயுக்குமிழிகள் வெப்பத்தைக் காத்தால் போதும் என்பது அவர் கண்ட உண்மை. நனைந்தாலும் சூடாக இரு என்பதுதான் அதன் வழி. கம்பளி சொன்னதும் ஏறத்தாழ அதையேதான்.

இன்றைய கையுறை வேறொரு வாக்குறுதியைத் தருகிறது: நனையாமல் இரு. 1969இல் ராபர்ட் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய பொருளாக நீண்டது. ஒரு சதுர அங்குலத்தில் 900 கோடித் துளைகள் என்றும், ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, நீராவியின் மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்றும் கோர் நிறுவனம் சொன்னது. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும். 1976இல் சந்தைக்கு வந்த கோர்-டெக்ஸும் அதன் வழித்தோன்றல்களும் மலையேறுபவர், மீனவர், சைக்கிள்காரர் எல்லாருடைய மழைக்காலத்தையும் மாற்றின.

சட்டைக்கு நன்றாகப் பொருந்திய இந்தச் சவ்வு கையுறையில் சிரமப்படுகிறது. கையுறைக்கு ஐந்து விரல்கள், ஏராளமான தையல்கள். அதனால் பெரும்பாலும் சவ்வைத் தனிப் பையாகச் செய்து, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே செருகுகிறார்கள். வெளித்துணி மழையை உறிஞ்சிக்கொண்டால் ஆவி வெளியேறும் வழி அடைபடும். உள்ளே வியர்வை தேங்கும். ஈரக்கையை வெளியே இழுத்தால் உள்துணியும் சேர்ந்து புரண்டு வரும். திரும்ப விரல் நுழையாது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு வழி திறந்தே இருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவரின் கை தோளிலிருந்து முன்னோக்கிச் சரிவாக இறங்குகிறது. ஓட்டுக்கூரையின் தண்ணீர் இறவாரத்துக்கு வருவதுபோல, சட்டைக்கையில் விழும் மழை முழுவதும் மணிக்கட்டுக்கு வந்து சேரும். சட்டையின் விளிம்பு கையுறைக்கு மேலே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது, எந்தச் சவ்வு என்பதைவிடப் பல நேரங்களில் முக்கியமாகிவிடுகிறது. அதனால்தான் இன்றும் நீண்டதூரம் ஓட்டுபவர்கள் பையில் இன்னொரு சோடி உலர்ந்த கையுறை வைத்துக்கொள்கிறார்கள். மெல்லிய கம்பளிக் கையுறைமேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

கையுறை முழுதாகச் செய்ய முடியாததை வண்டி செய்யத் தொடங்கியது. 1990இல் ஷிமானோ நிறுவனம் கியரையும் பிரேக்கையும் ஒரே நெம்புகோலில் இணைத்தது; கை ஹேண்டில்பாரை விட்டு இறங்க வேண்டிய காலம் முடிந்தது. 2009இல் அதே நிறுவனத்தின் மின்னணு கியர் வந்தது. பல்லைத் தேடித் தள்ளிய இடத்தில் ஒரு பொத்தான் அழுத்தம் போதுமானதானது. 2018இல் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கிடைத்தது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் அந்த பிரேக்கை மழையிலும் ஓரிரு விரலால் பிடிக்கலாம். ஈனோ முழுக்கையால் அழுத்திய இடத்தில் இன்றைய வீரர் ஒரு விரலை மடக்குகிறார். இவற்றில் எதுவும் விரலைக் காப்பதற்கென்று செய்யப்பட்டதில்லை. ஆயினும் குளிர்மழையில் ஓட்டும் கைக்கு எந்தக் கையுறையையும்விட இவை அதிகம் செய்திருக்கின்றன என்று எண்ணுகிறேன்.

அடுத்த மாற்றம் விதியில் நடந்தது. 2013 மார்ச் 17ஆம் நாள் மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் பனி கொட்டியபோது, நடுவில் பந்தயத்தை நிறுத்தி, வீரர்களைப் பேருந்துகளில் ஏற்றித் துர்க்கினோ கணவாய்க்கு அப்பால் கொண்டுபோய் மீண்டும் தொடங்கினார்கள். அதன்பின் சில ஆண்டுகளில் உலகச் சைக்கிள் சங்கம் கடும் வானிலைக்கான நெறிமுறையைக் கொண்டுவந்தது. உறைமழை, சாலையில் தேங்கிய பனி, கடும் காற்று, அளவுமீறிய வெப்பநிலை, பார்வைக் குறைவு ஆகியவை வந்தால், அமைப்பாளர்களும் வீரர்களின் பிரதிநிதிகளும் மருத்துவரும் கூடிப் பேச வேண்டும். பாதையை மாற்றலாம், நாளையே கைவிடலாம். 2016 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தின் ஒரு நாள் பனியால் கைவிடப்பட்டது. முன்பெல்லாம் ஓட வேண்டுமா என்று தனியாளாக முடிவு செய்தவர் வீரர். இன்று அந்தப் பாரத்தை மற்றவர்களும் தூக்குகிறார்கள். பழைய வீரர்களில் சிலருக்கு இது ஏமாற்றம். காவியா போன்ற நாள் இனி வராது என்கிறார்கள். வராமல் போகட்டும். இரண்டு விரல்களின் உணர்வை விலையாக வாங்கும் வெற்றியை இளையவர் எவரிடமும் கேட்பதற்கு யாருக்கும் உரிமையில்லை.

பெற்றதைச் சொன்னபின் இழந்ததையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். கம்பளிக் கையுறையை வீட்டில் பின்னலாம். நுனி கிழிந்தால் அதே நூலால் அடைக்கலாம். கடைசியில் மண்ணோடு மண்ணாகும். எண்ணெய்த்துணிக் கேப்புக்கு ஆண்டுதோறும் எண்ணெயோ மெழுகோ ஏற்ற வேண்டும். ஏற்றினால் பல ஆண்டுகள் உழைக்கும். சவ்வுக் கையுறையின் உள்ளே ஒரு தையல் விட்டுப்போனால் அதை வீட்டு ஊசியால் திருத்த முடியாது. சவ்வையும் மேல்துணியின் நீர்விலக்குப் பூச்சையும் பல பத்தாண்டுகள் ஃப்ளோரின் சேர்மங்களால் செய்தார்கள். கார்பனும் ஃப்ளோரினும் இணையும் பிணைப்பு மிக வலுவானது. அந்த வலுவே மழையை விலக்கியது, அந்த வலுவே அவற்றை அழியவிடாமலும் செய்தது. பிஃபாஸ் என்று அழைக்கப்படும் இந்தச் சேர்மங்களை இன்று உலகின் மழைநீரிலேயே காண்கிறார்கள். மழையைத் தடுக்கும் உடைகளில் சேர்த்தவையும் அவற்றில் அடங்கும்.

அதற்கான திருத்தமும் தொடங்கிவிட்டது. கோர் நிறுவனம் 2022இல் ஃப்ளோரின் இல்லாத பாலியெத்திலீன் சவ்வை அறிமுகப்படுத்தியது. பிரான்ஸ் 2025 பிப்ரவரியில் இயற்றிய சட்டம், சில பாதுகாப்பு உடைகள் நீங்கலாக, பிஃபாஸ் சேர்த்த ஆடைகளை 2026 ஜனவரி 1 முதல் தடுத்தது. புதிய நீர்விலக்குப் பூச்சுகள் எண்ணெயையும் அழுக்கையும் முன்போல் தள்ளுவதில்லை. அடிக்கடி துவைக்க வேண்டும். பூச்சை மீண்டும் ஏற்ற வேண்டும். கேப்புக்கு மெழுகு ஏற்றிய பாட்டனார் செய்த வேலையைப் பேரனும் செய்ய வேண்டியிருக்கிறது. இதை நான் பின்னடைவாக நினைக்கவில்லை. தன்னைக் காக்கும் பொருளைத் தானும் பேணுவது என்ற பழக்கம் திரும்பி வருகிறது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்படாமல் இருக்கிறது. இன்று ஐரோப்பிய நகரங்களில் குளிர்மழைக்குள் நெடுநேரம் ஓட்டுபவர்களில் உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேர்க்கும் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். பெர்லினிலும் லண்டனிலும் அவர்களில் தெற்காசியாவிலிருந்து போன மாணவர்களும் உண்டு. மார்கழி விடியலின் குளிரே பெருங்குளிர் என்று வளர்ந்த கைகளும் அவற்றில் உண்டு. ஸ்கூட்டர்க்காரர்கள் பயன்படுத்தும், கையை நுழைக்கும் பைகளைப் பலர் ஹேண்டில்பாரில் கட்டிக்கொள்கிறார்கள். கையை நுழைத்தால் மணிக்கட்டுவரை மூடும், மேலே மழை வழிந்துவிடும், உள்ளே மெல்லிய கையுறை போதும், பொட்டலத்தைக் கொடுக்கக் கையை வெளியே எடுப்பதும் எளிது. கேப்பின் கூரைக்கு அடியில் நூறாண்டுக்கு முன் கை இருந்த அதே நிலைதான் அது. அலாஸ்காவின் பனிப்பாதைகளில் ஓட்டுபவர்கள் நம்புவதும் இதையே. மேலங்கியில் தொடங்கிய விடை வண்டியின்மேல் வந்து அமர்ந்திருக்கிறது. விலையும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது.

ஆனால் அந்தத் தொழிலாளியின் பாதையை மழைக்காகச் சுருக்குபவர் யாருமில்லை. மழை நாளில் வீட்டிலிருப்பவர்கள் அதிகமாக உணவு வரவழைக்கிறார்கள். சில இடங்களில் கூடுதலாகச் சிறு தொகையும் கிடைக்கிறது. ஓட்டுவதா நிறுத்துவதா என்பதை விறைத்த விரலோடு அவர் தனியாகவே முடிவு செய்கிறார். பந்தய வீரர் 1988ஐக் கடந்துவிட்டார்; பொட்டலம் சுமப்பவர் இன்னும் அந்த ஆண்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார். கம்பளியிலிருந்து சவ்வுக்கும், கீழ்க்குழாய் நெம்புகோலிலிருந்து பொத்தானுக்கும் வர முடிந்த காலத்துக்கு இதுவும் முடியாத செயலாக இருக்க முடியாது. மலையில் ஓடுபவருக்கு எழுதிய விதியைத் தெருவில் ஓடுபவருக்கும் எழுதும் நாளில்தான் இந்த மாற்றம் முழுமை பெறும்.